ஏ ஃபோர்ட்டியும் வயித்து நோவும்

இல்லை ஐயா, அதில இல்லை. கொஞ்சம் கீழ. ம்ம்... அதிலயும் இல்லை. கையை எடுங்கோ, கூச்சமாக் கிடக்கு. நோ ஓடித் திரியிது பாருங்கோ, ஒரு இடத்தில நிக்குதில்லை.

பேர் வீரகத்தி. ஊர் கிளிநொச்சி. ஓம், ஓம், அந்தக் கறுப்பு ஒஸ்ரின் கார், ஏ ஃபோர்ட்டி, கலியாணத்துக்கும் பிள்ளைப்பேத்துக்கும் ஓடுறது, அதுதான். வைத்தியம் பாக்கிற அப்போதிக்கரி ஐயாவுக்கே தெரிஞ்சிருக்கு! வெளியில கேற்றடி வேப்ப மரத்துக்குக் கீழ நிக்கிறதும் அவர்தான். பின் சீற்றில இருக்கிறது என்ர மனிசி பத்மாசனி. ஐயோ, கூப்பிடாதேங்கோ. அவா இருக்கட்டும். மூண்டு கிழமை கோவிச்சுக்கொண்டு கண்டாவளையில தாய் வீட்டில இருந்தவா. இண்டைக்குத்தான் ஒரு மாதிரி ஏத்திக்கொண்டு வாறன்.

என்ன கோவமோ? தள்ளின கோவம்.

சண்டையால தடை போட்டு, பெற்றோல் வாறது நிண்டு மூண்டு வருசமாச்செல்லே. இப்ப கார் எல்லாம் மண்ணெண்ணெய்தானே. ஆனா குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயை மதியாது. முதல் ரெண்டு மூடி பெற்றோல் காபரேற்றருக்க விட்டு, முன்னால ஹாண்டிலைப் போட்டுச் சுத்தி, ஆள் சூடாகின பிறகுதான் மண்ணெண்ணெய் குடிப்பார். புது மாப்பிள்ளை மாதிரி. முதல் நாள் கோழிக்கறி, பிறகு சம்பல் எண்டாலும் சரி. பெற்றோல் முடிஞ்சா? தள்ளவேணும். நான் சுக்கான் பிடிக்கவேணும். அப்ப தள்ளிறது ஆர்?

பிள்ளையார் கோயில் தேர் அண்டைக்கு, பச்சைச் சேலை, புதுசு, ஊர்ச் சனம் முழுக்க நிண்டு பாக்கத் தள்ளினவா. எஞ்சின் பத்திச்சுது. பத்தினதும் பின்னால ஒரு புகை விட்டுது பாருங்கோ! சேலை கறுப்பு, முகம் கறுப்பு, பல்லு மட்டும் வெள்ளை. நான் நிப்பாட்டேல்லை ஐயா. நிப்பாட்டினா எஞ்சின் அணைஞ்சு நூந்துபோமெல்லே! கையைக் காட்டிப்போட்டு வீட்டை வந்திட்டன். அவா அப்பிடியே கண்டாவளைக்கு நடந்திட்டா.

சிரிக்காதேங்கோ. இனி ஒரு தரம் தள்ளச் சொன்னா, இறங்கி அம்மாட்டைப் போயிடுவன், பிறகு தேரே வந்தாலும் வரமாட்டன் எண்டுதான் இண்டைக்கு ஏறினவா. பத்மாசனி சொன்னாச் சொன்னதுதான்.

இருங்கோ ஐயா, வயித்துக்கும் இதுக்கும் தொடுசல் இருக்கு. எங்கட பக்கத்து வீட்டுத் தயாபரன் மாஸ்ரர் ஒரு இங்கிலிசுப் புத்தகம் பாத்துச் சொன்னவர். முதல் முதல் கார் செய்த ஜேர்மன்காரன் ஒருத்தன், செய்துபோட்டு ஓட்டப் பயந்துகொண்டு இருந்தவனாம். நூறு வருசம் இருக்கும். ஒரு நாள் விடியக்காலமை அவன்ர மனிசி, புருசனுக்குச் சொல்லாமக் கொள்ளாம, ரெண்டு பெடியளையும் ஏத்திக்கொண்டு அந்தக் காரிலயே தாய் வீட்டை போயிட்டாவாம்! எங்க போனவா? தாய் வீட்டை! பாத்தியளே, கார் எண்ட சாமான் உண்டாகின காலத்தில இருந்தே மனிசிமார் போறது அங்கதான். வழியில எண்ணெய்க் குழாய் அடைச்சுதாம். தொப்பியில குத்திற ஊசியால கிண்டி எடுத்தவாவாம். எண்ணெய் முடிஞ்சுதாம். அப்ப பெற்றோல் அடிக்கிற செட் எங்க? எங்க போய் வாங்கினவா சொல்லுங்கோ பாப்பம். மருந்துக்கடையில! ஊத்தை போக்க விக்கிற ஏதோ எண்ணெயாம். அதை விட்டு ஓடினவா.

இதைப் பத்மாசனிக்கும் சொன்னனான். அவாக்குச் சந்தோசம். மேட்டில தள்ளித்தான் ஏத்தினவை எண்டும் மாஸ்ரர் சொன்னவர். அதை நான் சொல்லேல்லை.

ஊசியோ? ஊசி வேண்டாம் ஐயா, வேண்டாம். அந்தச் சிரிஞ்சை மட்டும் தந்தாப் போதும், வெறுஞ் சிரிஞ்.

சரி. மறைச்சு என்ன. என்னட்டை இருந்த பெற்றோலை இருமல் மருந்துப் போத்தலில விட்டு மடியில வைச்சுக்கொண்டு திரியிறனான். காலமை மாமி வீட்டில கதிரையில வைச்சிட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சன். திரும்பிப் பாக்கிறன், மாமி தைலமாக்கும் எண்டு எடுத்து ரெண்டு முழங்காலுக்கும் சூடு பறக்கத் தேய்ச்சு முடிஞ்சுது! நோ போயிட்டுதெண்டு எழும்பி நடக்கிறா வேற. மாமி, அடுப்படிப் பக்கம் மட்டும் போகாதேங்கோ எண்டு கும்பிட்டுப்போட்டு, அடியில கிடந்த நாலு சொட்டில வெளிக்கிட்டனான். அதுவும் நல்லா வந்தது. உங்கட கேற்றடியில ஒரு மாடு குறுக்க வந்துது. பிரேக் அடிச்சன். நூந்து போச்சு. திரும்பப் பத்த ரெண்டு சொட்டாவது வேணும், இல்லாட்டித் தள்ளவேணும்.

என்ன பத்மாசனிக்குச் சொல்லிறது? வாயில வந்தது வயித்து நோ. எனக்கு வயித்தைக் குத்துது, அதுதான் நிப்பாட்டினனான், அப்போதிக்கரியைக் கண்டிட்டு வாறன் எண்டு இறங்கி வந்தனான்.

வயித்தில ஒண்டும் இல்லை ஐயா. காலமை தின்ன புட்டு மட்டும்தான்.

அந்தக் காயம் துடைக்கிற ஸ்பிரிட் ஒரு சிரிஞ் தந்தியள் எண்டா, எஞ்சின் சூடு ஆறமுதல் பத்தவைச்சிடுவன். குடிக்கவோ? சிவ சிவா! நான் குடிச்சா ஆர் ஹாண்டில் சுத்திறது? அடுத்த முறை பிள்ளைப்பேத்துக்கு ஆரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும் எண்டா, ஒரு சொல்லு அனுப்புங்கோ, வீரகத்தி வந்து நிப்பன். ஓம், அந்த அலுமாரிதான்... நல்லா இருப்பியள். மருந்துப் போத்தலிலயே விடுங்கோ, மேல ஒரு துண்டும் ஒட்டிவிடுங்கோ. வயித்து நோவுக்கு, சாப்பாட்டுக்கு முதல், ரெண்டு மூடி. மாமியின்ர கையில மட்டும் படாமப் பாத்துக்கொள்ளுறன்.

ஆர் அது கதவடியில... ஐயோ, பத்மாசனி இறங்கி வந்திட்டா. முகத்தைப் பாருங்கோ, அழுதிருக்கிறா. எனக்காகத்தான் ஐயா, எனக்காக!

போத்தலை மறையுங்கோ. கெதியா வயித்தை அமத்துங்கோ. இன்னும் பலமா. நான் கத்திறன்.