மோட்டார் பண்ணிய போன்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண், பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"நேத்து சாயங்காலம் எங்க மோட்டார் ஏழு தடவை போன் பண்ணிருக்குக்கா. ஒருத்தரும் எடுக்கல."

ஒட்டுக் கேட்பது சரியா என்று யோசித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த அக்கா கேட்டாள்:

"தோட்டத்துக்குக் கரண்டு வந்துட்டா கூப்பிடுமே, அந்த மிஷினா? எடுத்து நம்பர் அமுக்குனாத்தானே மோட்டார் ஓடும்?"

"எங்கிட்டு எடுக்க? வாரம் ஒருநா கரண்டு இல்லாம குடும்பமா உக்காந்து பேசணும்னு எங்க வீட்டுக்காரருக்குத் திடீர்னு தோணிருச்சு. வீட்டு மெயினை அணைச்சிட்டு, எல்லாப் போனையும் சைலன்ட்ல போட்டு பீரோவுல பூட்டிட்டாரு."

"பெரிய ஞானிதான். மல்லிகைக்குத் தண்ணி?"

"பாயலக்கா. நாலு நாளா காயுது. கூடையப் பாருங்க, பாதிகூட நெறையல."

"போகட்டும், பிள்ளைககிட்டயாவது மனசுவிட்டுப் பேசினாரா?"

"பேசாம? மெழுகுவத்தி கரையிற வரைக்கும் பேசினாரு."

"அம்புட்டு நேரம் என்னத்தப் பேசினாரு?"

"இன்னைக்காவது தோட்டத்துக்குக் கரண்டு வருமா வராதான்னுதான்."