சொர்ணம் இல்லாத படம்

மாப்பிள்ளை, மாலை கனக்குதுன்னு தெரியுது... கொஞ்சம் பொறுத்துக்கோங்க. குட்டியா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லாம மைக்கை விட மாட்டேன்.

கோவில்பட்டியில தங்கப்பழம்னு ஒருத்தர். பஸ் டிப்போ மெக்கானிக். அவருக்கு ஒரு கிறுக்கு... என்ன கிறுக்கு? கேமராவை வாங்க மாட்டார், தானே செய்வார்! பால்பவுடர் டப்பா, உள்ள பூரா கறுப்பு பெயிண்ட், பக்கவாட்டுல ஊசி முனையால ஒரு ஓட்டை. லென்ஸும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஓட்டைக்கு மேல கறுப்பு டேப், அதான் மூடி. உள்ள போட்டோ பேப்பரை வச்சு, டேப்பை உரிச்சுட்டு, நல்ல வெயில்லயே ரெண்டு மூணு நிமிஷம் காத்திருக்கணும்.

படத்தைக் கழுவ இருட்டறை வேணுமே? குளியலறை இருக்கே! ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு, மருந்துத் தண்ணி ஊத்தின பிளாஸ்டிக் தொட்டிங்க. வெளியில அவர் சம்சாரம் சொர்ணம் கதவைத் தட்டுவாங்க... "ஏங்க, நான் குளிக்கணுமா வேண்டாமா?" உள்ளேருந்து இவர், "திறந்துடாதே தாயீ! வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு!"

ஒருநாள் வீட்டு முற்றத்தைப் படம் எடுத்தார். "பாரு சொர்ணம், நம்ம வீடு!"

பார்த்தாங்க. துவைக்கிற கல்லு இருக்கு. கொடிக்கயிறு இருக்கு. கவுத்து வச்ச குடம்கூட இருக்கு.

"நான் எங்கங்க?"

"நீ இதுல இல்லையே."

"அந்நேரம் பூரா அங்கதானே இருந்தேன்? பெருக்கினேன், தண்ணி தெளிச்சேன், உள்ளுக்கும் வெளிக்குமா நடந்தேன்..."

"அதான். ஒரு இடத்துல நின்னாத்தான் இதுல விழும். ஓடிக்கிட்டே இருந்தா விழாது."

அந்தம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. "வாழ்க்கைப்பட்டு வந்ததுலேருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன்... அப்ப, நான் இந்த வீட்டுல இருந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லையா?" சண்டைக்குச் சொல்லலைங்க. மெதுவாச் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. மனுஷனுக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் லீவு போட்டார். அடுப்பை அணைச்சார். துடைப்பத்தைப் பிடுங்கினார். முற்றத்துல நாற்காலியைப் போட்டார்.

"உட்காரு."

"பாத்திரம் கிடக்குங்க."

"நான் தேய்க்கிறேன்."

"உங்களுக்கு வராதே!"

"தேய்ச்சா வரும். நீ உட்காரு சொர்ணம்... கொஞ்ச நேரம்."

டேப்பை உரிச்சார். அந்தப் பக்கமாப் போய் உட்கார்ந்து பாத்திரத்தைத் தேய்ச்சார்.

சாயங்காலம் அவங்களையும் இருட்டறைக்குள்ள கூட்டிட்டுப் போனார். டப்பா பேப்பர்ல கறுப்பு வெள்ளை மாறி விழுந்த படத்தை இன்னொரு பேப்பர் மேல வச்சு, வெளிச்சம் காட்டி, அந்தப் பேப்பரை மருந்துல முக்கினார். ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல... அப்புறம் மெல்ல, மெல்ல, சொர்ணத்தோட முகம் வந்துச்சு. முகம் அவ்வளவு தெளிவு. மடியில இருந்த கை மட்டும் கலங்கிக் கிடக்கு.

"கையை ஏன் ஆட்டினே?"

"சும்மா உட்காரச் சொன்னீங்க... பக்கத்துல முருங்கைக்கீரை கிடந்துச்சு. உருவிட்டேன்."

மனுஷன் அழுதுட்டார்யா. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்.

மாப்பிள்ளை... உங்களுக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கிற ஆம்பளைங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வீட்டுல ஓடிக்கிட்டே இருக்கிறவங்க நம்ம கண்ணுல விழறதில்லை. அன்பு இல்லாமலா? இருக்கு. நிறையவே இருக்கு. ஆனா பார்க்கிறதில்லை! பார்க்கணும்னா அவங்களை உட்கார வைக்கணும். "உட்காரு"ன்னு வாயால சொன்னா உட்காருவாங்களா? மாட்டாங்க. அவங்க கையில இருக்கிற வேலையை நாம வாங்கிக்கணும்.

இன்னும் கொஞ்ச நேரத்துல பந்தி. கல்யாணப் பொண்ணு முதல்ல உட்காரட்டும். நீங்க பரிமாறுங்க, மாப்பிள்ளை.