கட்டிப் பார்க்காத வாட்ச்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பெரியவர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி, இளையவன் அதே ஷாப்பில் கிளார்க் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கட்டிப் பாக்காம எவனாவது வாட்ச் வாங்குவானா அண்ணே?" என்றான் கிளார்க்.

தண்ணீரில் முங்கினாலும் ஓடும் வாட்ச். இருவரிடமும் ஒரே மாடல், அளவுதான் வேறு. கிளார்க்குடையது பெரிது. மேஸ்திரியுடையது சிறிது, பட்டை அவர் மணிக்கட்டைச் சுற்றி எட்டவில்லை.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரெண்டும் ஒண்ணாட்டம்தான் இருந்துச்சி."

"குழிகிட்ட இருட்டுல இந்த முள்ளு தெரியுமா? நேரத்துக்குத் தோலை எடுக்கலன்னா மேஸ்திரி வேல போய்டும்."

"அது எனக்கும் தெரியும்பா."

"கையில குடுன்னு கேக்கறதுதானே?"

"கேட்டேன். சுண்ணாம்புக் கை, நாத்தம் ஒட்டிக்கும்னான் கடைக்காரன். கடையில நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. எதுனா ஒண்ணு குடுன்னு வாங்கினு வந்துட்டேன்."

"இந்தப் பட்டையே தோலுதாண்டான்னு சொல்றதுதானே?"

"வாய் வர்ல."

கிளார்க் கையை நீட்டினான். "குடு. நாளைக்கு நான் போய் மாத்தினு வர்றேன்."

"நீ போனா மாத்திக் குடுப்பான். அதான் தாஸு, மனசுக்குப் பேஜாரா கீது."

அந்தக் கடைக்காரனை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மேஸ்திரி வாட்சைக் கொடுத்துவிட்டு, சீட்டில் நகர்ந்து உட்காரும்போது பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். அவர்கள் பஸ்ஸில் ஏறியபோது நான் மூக்கில் வைத்த கைக்குட்டை அப்படியே இருந்தது.