மிதி, சும்மா இரு

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்குச் சைக்கிள் விட்டது மறக்காது. பிளாக்குக்குப் பிளாக் நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் மரம். மணிமாறனின் மூளைக்குச் சைக்கிள் சோதனையை நான் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி இரண்டே வருடம். ஷிப்ட் முடிந்து வரும்போது மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தான். நான்கு மாதமாகக் கண் திறந்திருந்தது, அசைவில்லை. 2014இல் நான் சென்னையில் ஒரு ஸ்கேன் ஆய்வுக்கூடத்தில் மூளைப் படங்களுக்குக் கணக்குப் போடுகிறவன். அவனும் அவன் மனைவி செந்தாமரையும் என் வகுப்புதான். அவளை முதலில் பார்த்தவன் நான், பேசியவன் அவன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்றாள்.

ஸ்கேனில் படுத்தவன் காதில், "சைக்கிள் மிதிக்கிறதா நெனைச்சுக்க," "சும்மா இரு," என்று பத்துப் பத்து முறை மாற்றி மாற்றிச் சொன்னோம். ரிக்ரெஷன் என்கிற புள்ளியியல் கணக்கில், அட்டவணையில் இரண்டு கட்டளைக்கும் தனித்தனிப் பத்தி வைப்பார்கள். மூளை இரண்டுக்கும் காட்டும் வித்தியாசம்தான் உள்ளே ஆள் இருப்பதற்குச் சாட்சி. நான் இரண்டையும் சேர்த்து, 'குரல் கேட்ட நேரம்' என்று ஒரே பத்தியாக்கினேன். தரவு குறைவென்றால் அப்படிச் சேர்ப்பதுண்டு. ஒலி எட்டுகிறது, புரிதல் இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் கையெழுத்திட்டார்.

செந்தாமரை ஒன்றுதான் கேட்டாள். "நான் பேசிக்கினே இருக்கேனே, அவருக்குக் கேக்குதா அண்ணே?"

"காதுக்குக் கேக்கும். அவனுக்குக் கேக்காதும்மா."

அதுவரை யாருக்கு எந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது என்பதுவரை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றோடு நிறுத்தினாள். கைகால் பயிற்சி நின்றது. கட்டில் பின்னறைக்குப் போனது. சனிக்கிழமைதோறும் நான் போய் வேண்டியதைச் செய்தேன். அடுத்த வருடம் அண்ணே என்பது தானாகவே நின்றுபோனது. 2016இல் நுரையீரலில் சளி கட்டி மணிமாறன் இறந்தான்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். முதலில் கணக்கைத் தனித்தனிப் பத்தியாகத்தான் ஓட்டிப் பார்த்தேன். பத்து முறையும் மிதித்திருந்தான். சும்மா இரு என்றபோது சும்மா இருந்திருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் சேர்த்தேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு வருடமும் அவனோடு பேசியது நான் ஒருவன்தான். செந்தாமரை எதற்குச் சிரித்தாள், என் பைக்கில் எங்கெல்லாம் வந்தாள், அவன் போன பிறகு நாங்கள் என்ன செய்வதாக இருக்கிறோம், எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். அவனுக்குத் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.