தேர்வு நாளில் சத்தம் கூடாது

எங்கள் வீட்டில் குக்கர் வைப்பதில்லை ஐயா. விசில் சத்தம் பிள்ளையின் படிப்பைக் கலைக்கும் என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். சம்பங்கி மறுபேச்சுப் பேசாமல் சோறு வடிக்கத் தொடங்கிவிட்டாள். நல்ல மனைவி. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓசூர் சிப்காட்டில் லைன் சூப்பர்வைசர். ஒரு மிஷின் மக்கர் செய்கிறது என்று லைனையே நிறுத்துகிறவனை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது.

ஜெயப்ரியா எங்களுக்கு ஒரே பெண். போன வருஷம் நீட் தேர்வுக்கு முந்தின நாள் வேப்பனப்பள்ளியில் சம்பங்கியின் அண்ணன் இறந்துபோனார். தாய்மாமன் சாவு என்று பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனாள். அழுது வீங்கிய கண்ணோடு எழுதிய பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. "அடுத்த தடவை வீட்ல எதுவும் நடக்கக் கூடாது" என்று அன்றைக்கே சம்பங்கியிடம் சொல்லிவைத்தேன்.

இந்த வருஷம் தேர்வன்று காலையில் அவள் சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"நெஞ்சை அடைக்குதுங்க. இடது கை இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"மெதுவா பேசு. பாப்பா மாடியில படிக்குது."

அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் பிள்ளையும் அம்மாவோடு ஏறிவிடும். ஆகவே சம்பங்கியைக் கைத்தாங்கலாகப் பின்னறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்கவைத்தேன். பக்கத்தில் தண்ணீர் வைத்தேன். ஃபேன் போட்டேன். அவளுடைய போனை எடுத்துக்கொண்டு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.

ஒருமுறை கதவைத் தட்டினாள். "பாப்பாவுக்காகப் பொறுத்துக்க" என்றேன். அப்புறம் தட்டவில்லை.

ஜெயப்ரியா இறங்கி வந்து, "அம்மா எங்கப்பா?" என்றாள்.

"உனக்காக வேண்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கா. நீ சாப்பிடு."

பைக்கில் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனேன். வழியில் ஓர் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போனோம். தேர்வு முடியும்வரை கேட்டுக்கு எதிரில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போன் இல்லாமலில்லை. இரண்டும் என் பையில்தான் இருந்தன.

பிள்ளை சிரித்த முகமாக வெளியே வந்தாள். இதயத்தைப் பற்றிக் கேள்வி வந்ததாம். சரியாகப் போட்டிருக்கிறாள். திரும்பும்போது பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் பிள்ளைதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். சம்பங்கி கதவை ஒட்டித் தரையில் கிடந்தாள். முனகல் வெளியே கேட்காதபடி சேலைத் தலைப்பைத் தானே வாயில் அடைத்து வைத்திருந்தாள். அவளுக்கும் சம்மதம்தான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமேப்பா" என்றாள் ஜெயப்ரியா. பிறகு அவளேதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

பிள்ளை இப்போது தளியில் சித்தி நாகம்மா வீட்டில் இருக்கிறாளாம். என் பேரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்கிறாளாம். கிளம்பும் முன் நீட் புத்தகங்களையெல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டாளாம். கொளுத்தட்டும் ஐயா. மெடிக்கல் காலேஜில் வேறு புத்தகம்தானே படிக்கப்போகிறாள்.