நைஜரில் வழி அடைத்திருக்கிறது

— தட்டக் குடுங்க மதினி! எந்தங்கச்சி மாப்பிள்ளைக்கு நான் ஆரத்தி எடுக்கக் கூடாதா?

— கத்தாத பவானி, மண்டபமே திரும்பிப் பாக்குது. மாப்பிள்ளை காரு உத்தமபாளையம் தாண்டிருச்சாம். நீ உள்ள போயி பந்தியப் பாரு.

— கூடாதுன்னு யாரு சொன்னா?

— நாஞ் சொல்லல ஆத்தா. ஊரு சொல்லுது.

— ஊருக்கும் சேத்து நீங்கதான பேசுறீக?

— ஆமா, இந்த மொக்கம்மா தலையிலயே போடு! ஒம் புருசன் ராஜபாண்டி போர்வெல் போடுற லாரியோட ஆப்பிரிக்காவுல நைஜருக்குப் போனாரு. போன ஆடியில அங்க பட்டாளத்தான் ஆட்சியப் புடிச்சான், எல்லையப் பூட்டுனான், பிளேன நிறுத்துனான். அன்னையிலருந்து ஆளையும் காணோம், போனு, தாக்கலு ஒண்ணையும் காணோம். இருக்காரா இல்லையான்னே தெரியாதவ ஆரத்தித் தட்டத் தொட்டா சம்பந்தகாரவுக மூஞ்சியச் சுளிக்க மாட்டாகளா?

— சுளிக்கட்டும்.

— ஒனக்காக நான் பாக்காத நியூசா? நம்ம வார்டு கவுன்சிலரு பேரு எனக்குத் தெரியாது. நைஜர்ல எவன் எந்த நாற்காலில உக்காந்தான்னு கேளு, வரிசையாச் சொல்றேன்.

— சொன்னீக. டீக்கடை வரைக்கும் போயிச் சொன்னீக.

— சொன்னா என்ன தப்பு? பிளேனு எப்பவோ விட்டுட்டானாம்ல? நீ இன்னும் வழி அடைச்சிருக்குன்னே சொல்லித் திரியிற. கூடப் போன தங்கப்பாண்டி பொங்கலுக்கே வந்துட்டான். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்.

— நான்தான் தொறக்காதன்னேன்.

— ஏத்தா?

— அவுக உயிரோடதான் இருக்காக மதினி. கார்த்திகையிலயே கொச்சி ஏர்போர்ட்ல எறங்கிட்டாக. எறங்குனதும் போன் போட்டாக.

— அடி ஆத்தி! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இந்தா, புடி தட்ட. பொட்ட நல்லா பெருசா வச்சுக்க. ஆமா... இம்புட்டு மாசமா ஏன் வீட்டுக்கு வரல? ஒடம்புக்குச் சொகமில்லையா?

— நல்லாத்தான் இருக்காக.

— பெறகு எதுக்குடி ஊருபூரா அந்தக் கதையச் சொன்ன?

— அங்க பட்டாளம் மறிச்சிருக்குன்னு சொன்னதுக்கு, பாலு ஊத்த வாறவ கூட கண்ணத் தொடச்சுட்டுப் போனா. வேற என்னத்தச் சொல்ல?

— இப்ப எங்கனதான் இருக்காரு?

— அந்தா, சன்னல்ல தெரியுதுல்ல மலை, அதுக்கு அங்கிட்டு, கேரளாவுல. கட்டப்பனையில. கொட்டுச் சத்தம் கேக்குது, தள்ளுங்க.

— இரு. அங்கன யாரு இருக்கா?

— நைஜர்ல வெளிய தல காட்ட முடியாம அடைஞ்சு கெடந்தப்ப, அதே கட்டடத்துல ஒரு மலையாளத்து நர்சம்மாவும் இருந்துச்சாம். தை மாசம் அதையே கல்யாணம் முடிச்சுட்டாக.