ஜன்னலில் வைத்த வெள்ளை

மஞ்சள் ரோஜா விற்பது சிரமம். யாரோ எப்போதோ அதற்குப் பொறாமை என்று பொருள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காதலிக்கிறவர்கள் அதைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள். நான் என் கடைக்கு வருகிறவர்களிடம் மஞ்சள் நட்புக்கு என்பேன். வெள்ளை மீந்துவிட்டால் வெள்ளைக்கு ஏற்றம் கொடுப்பேன். மனைவியோடு சண்டை போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டபடி வருகிற ஆள், "மன்னிப்புக் கேக்க எந்தக் கலருங்க நல்லது?" என்பார். எது சாயங்காலத்துக்குள் வாடிவிடுமோ அந்தக் கலர்தான். அதை நான் பாவமென்று நினைத்ததில்லை. வாங்கிப் போனவர்கள் எப்படியோ சமாதானமாகத்தான் ஆனார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூவுக்குப் பொருள் வைப்பது எனக்குக் கைவந்த வேலை. அதை வீட்டிலும் செய்தேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. கடைக்கு மேலேயே என் வீடு. நானாகத்தான் அவளை அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். எனக்குக் கணவன், பிள்ளை என்று யாரும் கிடையாது. அக்காவின் மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி வேறு பக்கம் குடியிருக்கிறாள். ஆனால் வேலை எதிரேயுள்ள மருந்துக்கடையில். அங்கிருந்து நிமிர்ந்தால் எங்கள் மாடி ஜன்னல் தெரியும். அதனால் அக்காவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி மூன்று கண்ணாடிச் சீசாக்களில் பூ வைத்தேன். வெள்ளையை ஜன்னலில் வைத்தால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். மஞ்சள் வைத்தால் வேலை முடிந்ததும் வந்து போ. சிவப்பு என்றால் உடனே வா.

"சித்தி, உங்க மூளையே மூளை" என்று வாலு என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் பெருமைதான். எனக்கென்று மட்டும் ஒரு நிறம் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு எதற்குப் பூ, கட்டிலைத் தட்டினால் போதாதா என்று நினைத்துவிட்டேன்.

அக்கா சிவப்பையே வைத்தாள். வாலு வேலையைப் போட்டது போட்டபடி மூச்சிரைக்க மாடியேறி வருவாள். வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அக்கா இடது கையால் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பாள். சிவப்பு என்றால் அன்பு என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவள் அவள். நான் கண்டுபிடித்த பொருளை அவள் சட்டை செய்யவே இல்லை. குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், துணி மாற்றியது நான். ஒருநாளாவது ஒரு பூவை எடுத்து என் பக்கம் நீட்டியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிறெரிந்தது.

வாலு வேறு மாதிரி புரிந்துகொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சித்தி. அம்மாவுக்கு இங்க ஏதோ ஒத்துக்கல போல. என் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். மாசம் பொறந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அவ நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம் எதுக்கு எப்பப் பாத்தாலும் சிவப்பு வைக்கிறாங்க?"

உன்மேல் உள்ள ஆசைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் வாயால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் சிவப்புப் பூ வரத்தே இல்லை என்று அக்காவிடம் சொல்லி அந்தச் சீசாவை எடுத்துவிட்டேன். கீழே கடையில் வாளி நிறைய சிவப்பு ரோஜா இருந்தது. படுத்திருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? பிறகு அவள் மஞ்சளை வைக்க ஆரம்பித்தாள். துடைக்கிற சாக்கில் நான் அதை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தேன். வாலு நம்பிவிட்டாள். "அம்மா தேறிட்டாங்க சித்தி, இங்கயே இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம் மருந்து கொடுக்கப் போனேன். அக்காவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இப்படி ஆனால் உடனே தூக்கி வந்துவிடுங்கள், காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு மறக்கவில்லை. அக்கா இடது கையை ஜன்னல் பக்கம் வீசினாள். மஞ்சள் சீசா விழுந்து உடைந்தது. அடுத்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டப் போகிறாள் என்று தெரிந்தது. நான் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து நேரே வாலு வீட்டுக்குத்தான் போவாள், இங்கே திரும்பி வரமாட்டாள். என் மனதில் ஓடியது அது ஒன்றுதான். இன்னொரு கையால் வெள்ளையை எடுத்து ஜன்னலில் வைத்தேன். எதிர்க் கடையில் வாலு நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், கையசைத்தாள். நானும் கையசைத்தேன். பிறகு அக்காவின் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டேன், அவள் அடங்கும்வரை.

"வெள்ளைய நானே பாத்தேன் சித்தி, நிம்மதியாத்தானே போயிருக்காங்க?" என்று வாலு என் மடியில் விழுந்து அழுதாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இப்போது தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, சாப்பிடுகிறவரை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்குச் செய்ததற்கு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

தெருவைத் தாண்டினால் மருந்துக்கடை, ஒரு குரல் கொடுக்க என்ன கேடு என்று கேட்டீர்கள். கொடுத்திருக்கலாம். நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி மூச்சுவரை அக்கா என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பிடித்திருக்கிறவளை உதறிவிட்டு நான் எப்படி எழுந்து போவது?